ரோஸ் பவுன் வளையல்

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது என்பது தருமனுக்கு மகள் சொல்லித்தான் தெரிந்தது. சென்னையில் வேலை பார்க்கும் கீதாஞ்சலி ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "அம்மாவுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுங்கப்பா. குக்கர் மட்டும் வாங்கிடாதீங்க" என்றாள். அந்த நிமிஷம் வரை குக்கர் வாங்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். "சேச்சே, நானா?" என்று சொல்லிப் போனை வைத்தார்.

தருமன் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் புதிதாக வந்த மனைகளில் ஒன்றில் வீடு கட்டிக் குடிவந்து நாலைந்து வருஷம் இருக்கும். வீடு பாதியில் நின்றபோது அவர் மனைவி ஆதிலட்சுமி கையிலிருந்த இரண்டு தங்க வளையலையும் கழற்றிக் கொடுத்தாள். யாராவது வீடு பார்க்க வந்தால் அடுப்படிச் சுவரைத் தட்டி, "என் வளையலு ரெண்டும் இதுக்குள்ளதான் இருக்குது" என்று சொல்லிச் சிரிப்பாள். குறையாகச் சொன்னதே இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் சுவரில் அதே இடத்தைத்தான் தட்டுகிறாள் என்பதைத் தருமன் கவனித்திருந்தார்.

அதனால் வளையல் என்று முடிவாயிற்று. கேட்டு வாங்கினால் "எதுக்குங்க இப்போ?" என்பாள். ரகசியமாக வாங்குவதென்றால் அளவு வேண்டும். நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் பழைய கண்ணாடி வளையல்கள் சில தொங்கின. ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேரடித் தெருவுக்குக் கிளம்பினார்.

நகைக் கடைக்காரர் சக்கரபாணியின் மகன் தருமனிடம் படித்தவன். அந்த மரியாதைக்கு விசிறியைத் திருப்பி வைத்து, காபி வரவழைத்து, தட்டுத் தட்டாக எடுத்துப் போட்டார். எல்லாம் மஞ்சள். முறுக்கு வளையல், கல் வைத்தது, பூ வெட்டியது, எதைப் பார்த்தாலும் போன முகூர்த்தத்தில் யார் கையிலோ பார்த்த மாதிரியே இருந்தது. அப்போதுதான் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு மூலையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

"அது இன்னாங்க, கறுத்துப் போயிருக்குது?"

"கறுக்கல சார். ரோஸ் கோல்டு. பதினெட்டு கேரட்டு. இப்ப மெட்ராஸ்ல இதான் ஓடுதுன்னு நம்பி எடுத்தாந்துட்டேன். நம்ம ஊருல ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல."

"செம்பு சேத்திருப்பாங்க."

"ஆமா சார். உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கேள்வியை ஒரு ஆசிரியரிடம் கேட்டிருக்கக் கூடாது. தங்கத்தோடு வெள்ளி சேர்ந்தால் ஏன் வெளுக்கிறது, செம்பு சேர்ந்தால் ஏன் சிவக்கிறது, இரண்டும் சரிபாதி சேர்ந்தால் எப்படிப் பழைய மஞ்சளே நிற்கிறது என்பதையெல்லாம் தருமன் விளக்கினார். பதினோராம் வகுப்பில் பாதிப் பேர் தூங்கிவிடுகிற பாடம் அது. விற்க வேண்டியவர் என்பதால் சக்கரபாணி தூங்காமல் கேட்டார்.

மூன்று வளையல்கள் இருந்தன. ஒன்றில் சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள். கல்லின் இடுக்கில் தோசை மாவு போய் அடையும் என்று அதை ஒதுக்கினார். இன்னொன்று நூல் மாதிரி மெலிசு. ஆதிலட்சுமி ஒரு தடவை தண்ணீர்க் குடம் தூக்கினால் கோணிவிடும். மூன்றாவது நல்ல கெட்டி. வேலைப்பாடு எதுவும் இல்லை. ஓரத்தில் மட்டும் மெல்லிய இரண்டு கோடுகள் சுற்றி ஓடின.

"டியூப் லைட்டுல இது எடுக்காது சார், வெளியில வாங்க" என்று சக்கரபாணி அவரை வாசலுக்குக் கூட்டிப்போனார். ஆட்டோக்களும் பூக்காரிகளும் இடிக்கிற தெருவில் நின்றுகொண்டு தருமன் வளையலை வெயிலில் பிடித்தார். மருதாணி வைத்த இரண்டாம் நாள் உள்ளங்கையில் நிற்குமே, அந்த நிறம். கல்யாணப் பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, முகூர்த்தம் முடியும்வரை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

"இதையே குடுத்துடுங்க" என்றார்.

அளவு வளையலை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கும் சார்" என்றார் சக்கரபாணி. பிறகு பராமரிப்பு பற்றிச் சொன்னார். பாத்திரம் தேய்க்கிற பவுடர், துணி சோப்பு, பிளீச்சிங் பவுடர் எதுவும் படக் கூடாது. சென்ட் கூடாது. வேலை செய்யும்போதும் குளிக்கும்போதும் கழற்றி வைக்க வேண்டும். வாரம் ஒரு தரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டுக் கழுவி, மெத்தென்ற துணியால் துடைக்க வேண்டும். மற்ற நகைகளோடு போட்டு உரசவிடக் கூடாது. தருமன் ஒவ்வொன்றுக்கும் காரணத்தை அவருக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டே கேட்டார்.

வீட்டுக்கு வந்து, சிவப்பு டப்பாவை ஆதிலட்சுமியிடம் நீட்டினார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கித் திறந்தாள். உள்ளே இருந்ததைக் குனிந்து உற்றுப் பார்த்தாள். நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று தருமன் நினைத்தார்.

"இன்னாங்க இது, துரு பிடிச்சிருக்குது?"

"தங்கம் துருப்பிடிக்காது. துருப்பிடிக்கிறது இரும்பு."

"அப்ப இது இன்னா?"

"ரோஸ் கோல்டு."

"ரோஸ் மில்க் குடிச்சிருக்கேன். ரோஸ் பவுனு இப்பதான் பாக்கறேன்."

"முக்கால் பங்கு தங்கம் லட்சுமி. மிச்சத்துல ஜாஸ்தி செம்பு. அதான் அந்த கலரு."

"செம்பா? குடமா வாங்கியிருந்தா தண்ணியாச்சும் மொண்டு வெச்சிருக்கலாம்."

"செம்பு இல்லாம நகையே செய்ய முடியாது. சுத்தத் தங்கம் வளைஞ்சிடும். உன் தாலியில கூட..."

"வேணாங்க. தாலிப் பக்கம் போவாதீங்க."

ஆதிலட்சுமி வளையலைக் கையில் ஏற்றினாள். கட்டைவிரல் முட்டியில் நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினாள், வரவில்லை. குளியலறைக்குப் போய் சோப்பு போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். ஒரு வழியாக ஏறி மணிக்கட்டில் உட்கார்ந்தது.

"எந்த அளவுக்கு வாங்கினீங்க?"

"உன் வளையல எடுத்துக்கினு போய்த்தான் வாங்கினேன். கண்ணாடிகிட்ட ஆணியில தொங்குச்சே."

"அது கீதா பத்தாவது படிக்கறப்ப போட்டதுங்க!"

ஆதிலட்சுமி சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். தருமன் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "அய்யோ, கை வலிக்குது, விடுங்க. கையோட வந்துடும்போல" என்று பிடுங்கிக்கொண்டாள். மாற்றிக்கொண்டு வரலாம் என்றால் கழற்றினால்தானே மாற்ற முடியும்?

சற்று நேரத்தில் மதில் பக்கம் அவள் குரல் கேட்டது. "சரசு, இங்க வந்து பாரேன். எங்க வூட்டுக்காரரு செம்பு வளையலு வாங்கியாந்திருக்காரு."

பக்கத்து வீட்டுச் சரசு, "கவரிங்காக்கா?" என்று கேட்டது உள்ளே தெளிவாக விழுந்தது. தருமன் எழுந்துபோய் டி.வி.யைச் சத்தமாக வைத்தார். அதனால் சரசு அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆனா உன் கைக்கு எடுப்பாத்தான்கா இருக்குது" என்று சொன்னது அவர் காதில் விழவில்லை. ஆதிலட்சுமி, "அப்படியா சொல்ற?" என்று கேட்டதும் விழவில்லை.

அன்று சாயங்காலமே பிரச்சினை தொடங்கியது. பின்கட்டுக் குழாயடியில் பாத்திரங்களைப் போட்டு, பவுடரும் புளியும் எடுத்துக்கொண்டு ஆதிலட்சுமி உட்கார்ந்தாள். தருமன் ஓடிவந்தார்.

"இரு, இரு. வளையல்ல பவுடர் படக் கூடாது."

"கழல மாட்டேங்குதே. இன்னா செய்யச் சொல்றீங்க?"

"கோடு கோடா விழுந்துடும். தண்ணியில வேற பிளீச்சிங் கலக்கறான்."

"விழட்டுமே. செம்புதானே, புளி போட்டா பளபளன்னு ஆயிடும்."

அவள் புளியைக் கையில் எடுத்த விதத்தைப் பார்த்ததும் தருமனுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளு" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தார். "காலேஜ்ல டெஸ்ட் டியூபே கழுவினவன் நான். இது இன்னா பெரிய வேலை?"

ஆதிலட்சுமி பின்வாசல் படியில் உட்கார்ந்து, வளையல் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தாள். "சட்டி அடியில பாருங்க... வெளியில... அது கரிங்க, டிசைன் இல்ல." தருமன் மறுபடி தேய்த்தார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் துணி ஊறவைப்பதும் அவர் வேலையாயிற்று, சோப்பு நுரை படக் கூடாதல்லவா? அப்புறம் மாவுக் கிரைண்டர் கழுவுவது. பிறகு புளி கரைப்பது. வாங்கின பொருள் கெட்டுப்போனால் "செம்புதானே" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாளே என்ற ரோஷம்தான் அவரை முதலில் குழாயடியில் உட்கார வைத்தது. போகப் போக அதில் ஒரு சுவாரசியம் வந்துவிட்டது. எந்தக் கறைக்கு எது கேட்கிறது என்று ஆராய்ந்தார். எலுமிச்சைத் தோலால் டம்ளர் தேய்த்துக் காட்டி, "பாத்தியா, அமிலம்" என்றார்.

கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்கவில்லை. முன்பெல்லாம் பள்ளியிலிருந்து வந்ததும் பேப்பரைப் பிரித்தால் சாப்பாட்டுக்குத்தான் மடிப்பார். கேட்டால் "ம்" என்பார். குழாயடியில் பேப்பர் படிக்க முடியாது. அதனால் பேசினார். ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸ் மாறிப்போன கதை. ஆய்வுக்கு வந்த அதிகாரி முன்னால் ஹைட்ரஜன் வெடிக்காமல் மானத்தை வாங்கிய கதை. வேலை கிடைக்கும் முன் பஸ் கண்டக்டர் வேலைக்கு மனுப் போட்டிருந்ததையும், விசில் ஊதிப் பழகியதையும்கூடச் சொன்னார். அதெல்லாம் ஆதிலட்சுமிக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள் உப்புமாச் சட்டியைச் சுரண்டிக்கொண்டே, "உண்மையச் சொன்னா எனக்கு உப்புமா பிடிக்காது" என்றார்.

"எப்போலேருந்து?"

"எப்பவுமே."

"அடப்பாவி மனுஷா! அப்புறம் ஏன் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் துன்னீங்க?"

"கல்யாணமாகி மொத மொத நீ செஞ்சது அதுதான். நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்த முடியல."

ஞாயிற்றுக்கிழமைகளில் வளையலுக்குக் குளியல். தருமன் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துவந்து, ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொள்வார். தன் பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணியால் வளையலை மெதுவாகச் சுழற்றிச் சுழற்றித் துடைப்பார். ஓரத்துக் கோடுகளில் அழுக்கு இருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார். ஆதிலட்சுமி வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"கதவச் சாத்துங்க. சரசு பாத்தா நம்மள பத்தி இன்னா நெனப்பா?"

"இன்னா நெனப்பா? நகையைத் தொடைக்கறாருன்னு நெனப்பா."

"ஆங், நெனப்பா நெனப்பா."

ஐப்பசிப் பௌர்ணமிக்குத் தருமனின் அக்கா மணியம்மாள் கலசபாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கிரிவலம் வந்தாள். நெல்லும் மணிலாக் கடலையும் பயிர் வைக்கும் வீட்டை ஒற்றை ஆளாக மேய்ப்பவள். குரல் கொல்லைக்கும் கேட்கும். பஸ் இறங்கி வந்தவள் கால் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். போன வேகத்தில் நின்றாள்.

"டேய் தருமா! இன்னாடா கோலம் இது?"

தருமன் குக்கர் மூடியோடு எழுந்து நின்றார். "வாக்கா. அது வந்து, லட்சுமி கையில ரோஸ் கோல்டு வளையலு. செம்பு கலந்தது. கார சோப்பு பட்டா..."

மணியம்மாள் அவரிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்து பதறி எழுந்த ஆதிலட்சுமியிடம் திரும்பினாள். "இன்னா லட்சுமி, எந்தம்பிக்கு மருந்து கிருந்து வெச்சுட்டியா?"

"வளையலு கழல மாட்டேங்குதுங்க அண்ணி. அளவு தப்பா வாங்கிட்டாரு."

"காட்டு." மணியம்மாள் கையைப் பிடித்தாள். வளையலை விரலால் தட்டிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். "பவுனா இது? எங்க வூட்டு அண்டா கலருல இருக்குது. சரி, தேங்காயெண்ணெய் எடுத்தா. பிரசவத்துக்கு வீங்கின கையிலேருந்தே நான் வளையலு எறக்கியிருக்கேன். இதுக்கு ஒரு நிமிஷம் ஆவாது."

ஆதிலட்சுமி சட்டென்று கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "பௌர்ணமி அதுவுமா கையில இருக்கறத கழட்டக் கூடாதுங்க அண்ணி."

"யாரு சொன்னது?"

"சொல்லுவாங்க."

மணியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். குக்கர் மூடியைப் பயபக்தியாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தாள். ஆதிலட்சுமி கீழே குனிந்துகொண்டாள். மணியம்மாளின் வாயோரம் துடித்தது. "ஆமா ஆமா, கழட்டக் கூடாதுதான்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனாள். தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே தனக்குள் சிரித்தாள்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது தருமனிடம், "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கச் சொல்லி உங்க மாமாகிட்ட கேக்கப்போறேன்" என்றாள்.

தருமன் அக்கறையோடு, "வாங்கட்டும்க்கா. ஆனா அளவு சரியா பாத்து வாங்கச் சொல்லு" என்றார்.

"அளவு பாத்து வாங்கினா அப்புறம் அது எதுக்குடா ஆவும்?"

அக்கா எதைச் சொல்கிறாள் என்று தருமனுக்குப் புரியவில்லை. வயசாகிறது, ஏதோ பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் விடாத மழை. வேங்கிக்கால் ஏரி நிரம்பி ரோட்டைத் தொட்டது. ஒருநாள் மதியத்தோடு பள்ளியை விட்டுவிட்டார்கள். தருமன் நனைந்துபோய் வீட்டுக்கு வந்தார். முன் கதவு உள்ளே தாழிட்டிருந்ததால் பின்பக்கமாகச் சுற்றி வந்து அடுப்படிக்குள் நுழைந்தார்.

மகள் வரப்போகிறாள் என்று ஆதிலட்சுமி முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இரண்டு கையும் மணிக்கட்டுவரை மாவு. தாலிச்சரடு கழுத்தில், கம்மல் காதில், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வளையல் மட்டும் கையில் இல்லை. சாமி அலமாரியில், தருமனின் பழைய வேட்டித் துணியில் தனியாகச் சுற்றி, மடிப்புக் கலையாமல் இருந்தது. துணிக்கு வெளியே கொஞ்சமாகச் சிவப்பு தெரிந்தது.

ஆதிலட்சுமி திரும்பிப் பார்த்தாள். மாவுக் கையை மறைக்கவும் முடியவில்லை.

"எப்போலேருந்து கழலுது?" என்று கேட்டார் தருமன்.

"வாங்கியாந்த வாரமே. எண்ணெய் தடவிப் பாத்தேன். வந்துடுச்சு."

"அப்ப நான் வர நேரத்துக்கு?"

"மாட்டிக்குவேன்."

தருமன் தலையைக்கூடத் துவட்டாமல் கூடத்துக்குப் போய் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். ஒரு வரியும் ஓடவில்லை. அக்கா குழாயடியில் நின்று எதற்குச் சிரித்தாள் என்பது இப்போது விளங்கியது. சரசுவின் புருஷன் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா சார், இன்னிக்கும் டூட்டியா?" என்று கேட்பதற்குத் தான் ஒவ்வொரு நாளும் பாடம் நடத்திப் பதில் சொன்னது ஞாபகம் வந்து காது சூடாயிற்று. பட்டம் வாங்கிய ஒரு மனுஷனை ஒருத்தி இத்தனை நாள் சட்டி தேய்க்க வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் மழை விட்டது. பின்கட்டில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. வேண்டுமென்றே சத்தமாகத்தான் கழுவினாள். தருமன் எழவில்லை. சத்தம் பாதியில் நின்றது. ஆதிலட்சுமி ஈரக் கையோடு வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கோவமா?"

பேப்பர் அசையவில்லை.

"மொதல்ல வெளையாட்டுக்குத்தாங்க செஞ்சேன். எவ்ளோ நாளைக்குச் செய்வாருன்னு பாப்போம்னுதான் நெனச்சேன். சொல்லிடலாம்னு ஒருநாள் வாய் வரைக்கும் வந்துச்சு. அன்னிக்குத்தான் நீங்க கண்டக்டரு விசில் கதைய ஆரம்பிச்சீங்க."

பேப்பர் கொஞ்சம் இறங்கியது.

"இருபத்தஞ்சு வருஷமா பேசாததெல்லாம் அந்தக் கொழாயாண்ட உக்காந்துகினு பேசறீங்க. வளையலு கழலுதுன்னு சொன்னா எழுந்து பேப்பரு படிக்கப் போயிடுவீங்கன்னு தோணுச்சு. அதான் சொல்லல." அவள் புடவை ஓரத்தைப் பிழிந்தாள். "உக்காந்து வேடிக்க பாக்க எனக்கும் சுகமாத்தான் இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன்."

தருமன் பேப்பரை மடித்தார். ஆனாலும் மிச்சமிருந்த வருத்தத்தை விடுவதாக இல்லை. "செம்பு செம்புன்னு ஊரு முழுக்கச் சொன்னியே."

"இப்பவும் சொல்லுவேன். ஆனா சரசு ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கினு போறேன்னு கேட்டா. குடுக்கல."

"ஏன்?"

"குடுக்கல, அவ்ளோதான்."

தருமனுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. அடக்கிக்கொண்டு கேட்டார். "நான் இல்லாதப்ப வளையல்ல புளி கிளி போட்டியா?"

ஆதிலட்சுமி புடவை ஓரத்தை மறுபடி பிழிந்தாள்.

"லட்சுமி!"

"ஒரே தடவதாங்க. கொஞ்சம் மங்கலா தெரிஞ்சுது. லேசா தடவிக் கழுவிட்டேன்."

தருமன் எழுந்து அலமாரிக்கு ஓடினார். துணியைப் பிரித்து, வளையலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. கடையில் பார்த்ததைவிடப் பளிச்சென்று இருந்தது. "அது எப்படின்னா..." என்று தொடங்கினார். "மேல இருக்கற செம்பு மட்டும் காத்துல இருக்கற ஆக்ஸிஜனோட சேந்து மங்கிப்போவுது. புளியில ஒரு அமிலம் இருக்குதா, அது போய் அந்தப் படலத்த மட்டும் கரைக்குது. அடியில இருக்கற தங்கத்த ஒண்ணும் செய்யாது. ஆனா அடிக்கடி செஞ்சியானா..."

ஆதிலட்சுமி மோவாயைக் கையில் தாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாடம் பாதியைத் தாண்டியபோது தான் கோபத்தில் இருப்பது தருமனுக்கு ஞாபகம் வந்தது. அப்போது அது எங்கே என்று தேடினாலும் கிடைக்கவில்லை.

"மீதிப் பாத்திரம் இருக்குதா?" என்று கேட்டார்.

"பாதி இருக்குது."

இரண்டு பேரும் குழாயடிக்குப் போனார்கள். வளையல் துணிக்குள் திரும்பிப் போயிற்று. அவள் தேய்த்தாள், அவர் அலம்பிக் கவிழ்த்தார். இந்தத் தடவை பேச்சைத் தொடங்க அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கண்டக்டர் கதைக்குப் பிறகு சொல்ல என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே டம்ளரை அலம்பியவர், இத்தனை நாளும் தான் மட்டுமே பேசியிருப்பதை அப்போதுதான் உணர்ந்தார்.

"நீ இன்னாவாகணும்னு நெனச்ச லட்சுமி? சின்ன வயசுல?"

அவள் கை ஒரு கணம் நின்று மறுபடி தேய்த்தது. "போலீசு."

"போலீசா?"

"ஸ்கூல்ல ஓட்டப் பந்தயத்துல நான்தான் எப்பவும் மொதல்ல வருவேன். வேலூர் வரைக்கும் கூட்டிக்கினு போயி ஓடவிட்டாங்க. டிரில் டீச்சர் சொன்னாங்க, உனக்கு உயரம் இருக்குது, போலீசுல சேந்துடுன்னு. அப்பதான் உங்க வூட்டுலேருந்து பொண்ணு பாக்க வந்தீங்க."

தருமன் டம்ளரும் கையுமாக அவளைப் பார்த்தார். "நீ ஓடுவியா?"

"ஏன், நம்ப மாட்டீங்களா?"

"நான் பாத்ததே இல்லியே."

"துரத்தினாத்தானே ஓடுவாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அடுத்த நொடி சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. மனைக்கு அந்தக் கோடியில், மழை விட்டதும் கொடியில் போட்ட துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆதிலட்சுமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். தேங்கி நின்ற தண்ணீரைத் தாண்டி, செங்கல் குவியலைச் சுற்றி, தருமன் எழுந்து நிற்பதற்குள் கொடியின் அந்த முனைக்குப் போய்விட்டாள்.

"இன்னாங்க நின்னுகினு பாக்கறீங்க? இந்தப் பக்கத்துலேருந்து எடுங்க!"

தருமன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்.